தூரம் குறிக்கப்படாத காயம்

இருபது மீட்டர் தொலைவில் நிற்கும் மானையும் இருநூற்றைம்பது மீட்டர் தொலைவில் நிற்கும் மானையும் ஒரே துப்பாக்கியிலிருந்து புறப்படும் ஒரே வகைக் குண்டு ஒரே விதமாகக் காயப்படுத்துவதில்லை. அருகில் நிற்கும் மான் எளிதில் விழும் என்றே எவரும் எண்ணுவர். குறி தப்ப வாய்ப்புக் குறைவு. காற்று குண்டை விலக்க இடமில்லை. குண்டின் வேகமும் தணிந்திருக்காது. ஆயினும் வேட்டைக் குண்டுகளின் வரலாற்றைப் படிப்பவர் இதற்கு மாறான ஒரு செய்தியை மீண்டும் மீண்டும் சந்திக்கிறார். மிக அருகில் சுடப்பட்ட விலங்கு தோளில் பெரிய மேற்காயத்துடன் சாகாமல் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. குறி சரியாகவே இருந்தது. தவறியது குண்டு.

இதன் காரணம் எளிய இயற்பியலில் இருக்கிறது. நகரும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. இன்று மான் வேட்டையில் பரவலாகப் பயன்படும் நடுத்தர ரைஃபிள் ஒன்றின் குண்டு 20 மீட்டரில் நொடிக்கு 860 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் செல்லும். 250 மீட்டரில் அது சுமார் 730 மீட்டராகக் குறைந்திருக்கும். வேகத்தில் இழப்பு ஆறில் ஒரு பங்குதான். ஆனால் ஆற்றலைக் கணக்கிட்டால், அருகில் தாக்கும் குண்டு தொலைவில் தாக்கும் குண்டைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் ஆற்றலுடன் உடலை அடைகிறது. அந்த மிகை ஆற்றல் மானை மட்டும் தாக்குவதில்லை, குண்டையும் தாக்குகிறது. ஈரம் நிறைந்த தசை அவ்வேகத்தில் வரும் ஈயத்துக்கு ஏறத்தாழச் சுவரைப்போல் எதிர்நிற்கிறது. தோள் எலும்பும் குறுக்கே வந்தால் குண்டு தன் வடிவத்தை இழந்து சிதறுகிறது.

வேட்டைக் குண்டு விரிவதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளே மென்மையான ஈயம். வெளியே செம்புக் கலவையாலான மெல்லிய உறை. நுனியில் உறை நீங்கி ஈயம் தெரியும், அல்லது ஒரு குழி இருக்கும். உடலுள் நுழைந்ததும் நுனி பிளந்து, காளானின் குடைபோல் மடங்கி விரியும். விரிந்த குண்டு அகன்ற வழியைத் திறந்துகொண்டு நுரையீரலையும் பெருங்குருதிக் குழாய்களையும் கிழித்தால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சிய உயிர்வளி தீரும்வரை அது ஓடும். நூறு மீட்டர்கூடக் கடந்துவிடலாம். ஆகவே விரைந்த சாவு என்பது இரண்டு தேவைகள் ஒருங்கே நிறைவேறுவதைப் பொறுத்தது. குண்டு போதிய அளவு விரிய வேண்டும். போதிய ஆழம் செல்லவும் வேண்டும். ஒன்று மிகுந்தால் மற்றது குறையும்.

விரியாத கடினக் குண்டு மெல்லிய துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். மான் மணிக்கணக்கில் அலைந்து சாகும். மிகையாக விரியும் குண்டு தோலுக்கும் தோள் எலும்புக்கும் இடையிலேயே தூளாகி, நெஞ்சறையை எட்டாமல் நின்றுவிடும். மான் நாள்கணக்கில் புண்ணழுகிச் சாகும். இவ்விரண்டு தோல்விகளுக்கும் நடுவே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அது சொன்னபடி நடக்கும். வெளியே வேறொரு பொருளாகிவிடும். மிகத் தொலைவு அந்த எல்லையின் ஒரு முனை. மிக அண்மை மறுமுனை.

இந்த மறுமுனையை உலகம் விலைகொடுத்தே கற்றது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் நாஸ்லர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் காடுகளில், மான் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்காகிய மூஸைச் சுட்டார். துப்பாக்கி அக்காலத்தின் அதிவேக வகை. குண்டோ குறைந்த வேகங்களுக்கு உரிய அமைப்புடையது. சேறு காய்ந்து படிந்த தோளில் பட்ட குண்டு ஆழம் செல்லுமுன் உடைந்தது. நாஸ்லர் ஊர் திரும்பி, குண்டின் நடுவே செம்புக் கலவையால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி சிதறினாலும் பின்பாதி உடையாமல் உள்ளே செல்லும் என்பது அவர் எண்ணம். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த வடிவம் இன்றும் விற்கப்படுகிறது. துப்பாக்கியின் வேகம் கூடியதும் பழைய குண்டின் நம்பகமான தூரம் மாறிவிட்டது என்பதே அவ்வேட்டை தந்த பாடம்.

அப்பாடம் இந்தியக் காடுகளில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. மத்திய இந்தியாவின் சால் மரக் காடுகளிலும் மூங்கில் புதர்களிலும் பார்வை எட்டும் தொலைவு குறைவு. பரண்மேல் அமர்ந்திருப்பவரை நோக்கி, பறையடித்துக் கூச்சலிட்டு வரும் ஆட்கள் விலங்கை ஓட்டிவருவர். அது வெளிப்படும் இடம் பெரும்பாலும் கல்லெறி தூரம். ஸ்காட்லாந்தின் திறந்த மலைச்சரிவுகளில் செம்மானைத் தொலைவிலிருந்து சுடுவதற்கு உகந்த துப்பாக்கியும் குண்டும் இங்கே வேறுவிதமாக நடந்தன. 1856இல் லண்டன் துப்பாக்கிக் கலைஞர் பர்டி, விரைவு ரயிலின் பெயரால் அழைத்த ஒரு ரைஃபிளை அறிமுகப்படுத்தினார். அதன்பின் ‘எக்ஸ்பிரஸ்’ என்றாலே எடை குறைந்த, வேகம் மிகுந்த, நுனியில் குழியுள்ள ஈயக் குண்டைச் சுடும் துப்பாக்கி என்றாகிவிட்டது. புள்ளிமானின் ஆண் 70 முதல் 90 கிலோ எடையுள்ளது. அதற்கு அக்குண்டு போதுமாயிருந்தது. கடமானின் ஆண் 200 கிலோவைத் தாண்டும். அதன் தோளில் அண்மையிலிருந்து பட்டபோது அதே குண்டு மேலோட்டமாக வெடித்துச் சிதறுவதுண்டு.

இவ்விவாதத்தில் மிக உரத்த குரல் சாமுவேல் பேக்கருடையது. இலங்கையின் நுவரெலியாவில் சில ஆண்டுகள் குடியிருந்து, பின்னர் நைல் நதியின் ஏரிகளைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் அவர். 1890இல் வெளியான தம் நூலில் குழிநுனிக் குண்டுகளை அவர் கடுமையாகக் குறைகூறினார். கனமான, குழியற்ற, கலப்பில்லாத மென்மையான ஈயக் குண்டே சிறந்தது என்பது அவர் நிலை. அது விரிந்து, உடலைக் கடந்து, மறுபக்கத் தோலின் அடியில் தங்கிவிட வேண்டும். அவ்வாறாயின் குண்டின் ஆற்றல் முழுவதும் விலங்கின் உடலுக்குள்ளேயே செலவாகும். இதை எழுதியவர் ஆய்வகத்தில் அமர்ந்து எழுதவில்லை. நூற்றுக்கணக்கான விலங்குகளின் உடல்களைத் திறந்து பார்த்தே இம்முடிவுக்கு வந்தார். காயங்களைப் பற்றிய அன்றைய அறிவில் கணிசமான பகுதி இவ்வாறு திரட்டப்பட்டது. விக்டோரியா காலத்து வேட்டை நூல்களை வீரக்கதைகளாக மட்டும் படிப்பவர்கள், அவை ஒரு வகையில் பிணக்கூராய்வுக் குறிப்பேடுகளும் ஆகும் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அக்குறிப்பேடுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. கைக்குக் கிடைத்த உடலையே திறந்து பார்க்க முடியும். தப்பி ஓடிய மானின் காயத்தை யாரும் அளக்கவில்லை. அதாவது, குண்டு வென்ற நிகழ்வுகள் விரிவாகப் பதிவாயின. தோற்ற நிகழ்வுகள் ஒரு வரியில் முடிந்தன, அல்லது பதிவாகவே இல்லை. தோல்வியை உண்மையில் அறிந்திருந்தவர்கள் குருதித் தடம் பார்த்துச் சென்ற கோண்டு, பைகா, கோர்க்கு மக்கள். இலைமேல் கிடக்கும் இளஞ்சிவப்பு நுரை நுரையீரல் காயத்தைச் சொல்லும். கரும்சிவப்புத் துளி ஈரலைச் சொல்லும். பசுமை கலந்த நீர்மம் இரைப்பை கிழிந்ததைச் சொல்லும். உடனே பின்தொடர வேண்டுமா, சில மணிநேரம் பொறுத்திருந்து தொடர வேண்டுமா என்பதை அந்நிறமே முடிவுசெய்யும். குண்டு எப்படி நடந்துகொண்டது என்பதற்கு முதற்சாட்சிகள் அவர்களே. துப்பாக்கி செய்தவரின் பெயரும் சுட்டவரின் பெயரும் நூல்களில் உள்ளன. தடம் பார்த்தவர் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறார்.

வேட்டை நூல்களில் திரண்ட இந்த அறிவு காட்டோடு நின்றுவிடவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே டம்டம் என்னும் இடத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1857 ஜனவரியில், கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் பற்றிய செய்தி சிப்பாய்களிடையே பரவத் தொடங்கிய இடமும் டம்டம்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே இடம் வேறொரு தோட்டாவால் உலகப் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் படை 11 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பழைய ஈயக் குண்டைக் கைவிட்டு, 7.7 மில்லிமீட்டர் விட்டமும் செம்பு–நிக்கல் முழு உறையும் கொண்ட சிறு குண்டுக்கு மாறியிருந்தது. 1895இல் நடந்த சித்ரால் படையெடுப்புக்குப் பின் அதிகாரிகளிடமிருந்து ஒரே வகை முறையீடு வந்தது: புதிய குண்டு ஊடுருவிச் செல்கிறது, ஆனால் ஓடிவருபவனை நிறுத்துவதில்லை. டம்டம் தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் கேப்டன் பெர்ட்டி-கிளே நுனியில் உறையைச் சிறிதே நீக்கி ஈயம் வெளித்தெரியும்படி செய்தார். 1897–98இல் திரா போரில், அஃப்ரிதி, ஒராக்சாய் மக்கள்மீது அது பயன்படுத்தப்பட்டது.

வேட்டைக்காரருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. கடமானுக்கும் புலிக்கும் எதிராக முப்பது ஆண்டுகள் பேசப்பட்ட அதே வாதம் இப்போது மனிதருக்கு எதிராகப் பேசப்பட்டது. துளைத்துச் செல்வது போதாது, அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதே அது. காட்டிலிருந்து எல்லைப்புறத்துக்கு ஒரு தொழில்நுட்பம் மட்டும் போகவில்லை. இலக்கைக் குறித்த ஒரு பார்வையும் உடன் போயிற்று.

இனி நிகழ்ந்தது ஆய்வாளர்களுக்குத் தனி அக்கறைக்குரியது. 1898இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் பவுல் ஃபொன் புருன்ஸ் மென்னுனிக் குண்டுகளைச் சுட்டுச் சோதித்து, குறைந்த தூரங்களில் அவை ஏற்படுத்தும் அழிவைப் படங்களுடன் வெளியிட்டார். ஐரோப்பா அதிர்ந்தது. டம்டம் குண்டு காட்டுமிராண்டித்தனமானது என்ற கருத்து நிலைபெற்றது. ஆனால் புருன்ஸ் சோதித்தது டம்டம் குண்டையன்று. மௌசர் ரைஃபிளுக்குரிய வேட்டைக் குண்டை. அதில் உறையின்றி வெளித்தெரியும் ஈயப்பகுதி டம்டம் குண்டில் உள்ளதைவிடப் பன்மடங்கு நீளமானது. அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி மருத்துவ இதழில் எழுதினார். அதற்குள் படங்கள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. மானுக்காகச் செய்யப்பட்ட குண்டு அண்மையில் ஏற்படுத்திய காயம், போர்க் குண்டு எல்லாத் தூரங்களிலும் ஏற்படுத்தும் காயமாக வாசிக்கப்பட்டது.

1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டில் பிரிட்டனின் சார்பில் பேசிய ஜெனரல் ஜான் ஆர்டா வேறொரு திசையில் பிழை செய்தார். நாகரிகமடைந்த நாட்டுப் படைவீரன் சிறு குண்டு பட்டதும் களத்தைவிட்டு விலகிவிடுவான், நாகரிகமற்றவன் பலமுறை துளைக்கப்பட்டாலும் முன்னேறி வருவான் என்பது அவர் வாதத்தின் சாரம். காயமுற்ற புலியைப் பற்றிய வேட்டை வருணனைகளைப் படித்தவருக்கு இந்த வாக்கிய அமைப்பு நன்கு பழகியதாயிருக்கும். ஒரு குண்டு நிறுத்துமா, நிறுத்தாதா என்பது தூரத்தையும் தைத்த இடத்தையும் பொறுத்தது. அதை அவர் சுடப்பட்டவனின் இனத்தைப் பொறுத்ததாக ஆக்கினார்.

அந்த ஆண்டு ஜூலை 29ஆம் நாள், உடலுள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதற்கு எதிரான பிரகடனம் நிறைவேறியது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் 1907இல்தான் இணைந்தது. பிரகடனத்தில் ஒரு விதி கவனிக்கத்தக்கது. கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும். அக்குண்டு முதன்முதலில் எவர் உடல்களில் விரிந்ததோ அவர்களுக்குப் பிரகடனத்தில் இடமில்லை. திரா பள்ளத்தாக்கின் அஃப்ரிதி, மான் இருந்த பக்கத்திலேயே விடப்பட்டான்.

இங்கே அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாகாது. சான்று பிழையானது என்பதால் தடை பிழையானதாகிவிடாது. போரில் எதிராளியைச் செயலிழக்கச் செய்வதே நோக்கம். தேவைக்கு மீறிய துன்பம் கூடாது என்ற கொள்கை புருன்ஸின் படங்கள் இல்லாமலும் நிற்கும். எனினும் சரியான முடிவுக்குத் தவறான சான்று வழியாகச் சென்றதற்கு ஒரு விலை உண்டு. பிழை வெளிப்பட்டதும், தடையை விரும்பாதவர்கள் அப்பிழையையே பிடித்துக்கொண்டு கொள்கையை மறுத்தார்கள். பிரிட்டிஷ் தரப்பு செய்தது அதுவே. நியாயமான பக்கத்தில் நிற்பவர்களே தூரத்தையும் குண்டின் வகையையும் மிகுந்த கவனத்துடன் குறிப்பிட வேண்டியவர்கள்.

இதே விரிகுண்டு மானின் பொருட்டுக் கருணை என்று இன்றும் வாதிடப்படுகிறது. மான் வேட்டை அனுமதிக்கப்பட்ட பல நாடுகளில் விரியாத முழுவுறைக் குண்டால் மானைச் சுடுவது சட்டப்படி குற்றம். மனிதனுக்குக் கொடுமை என விலக்கப்பட்டது விலங்குக்கு இரக்கம் என விதிக்கப்படுகிறது. இதில் முரண்பாடு இல்லை என்போர் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதே: போர்வீரன் பிழைக்கலாம், ஆகவே சிறு காயம் அவனுக்கு நல்லது, மான் சாகவே சுடப்படுகிறது, ஆகவே விரைந்த சாவு அதற்கு நல்லது. ஆனால் அந்த இரக்கம் குண்டு சரியாக விரியும் வேக எல்லைக்குள் மட்டுமே உண்மை. பன்னிரண்டு மீட்டரில் புதருக்குள்ளிருந்து எழும் மானின் தோளை நோக்கி, மெல்லிய உறையுள்ள அதிவேகக் குண்டைச் சுடுபவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். அவ்வேளையில் அறிந்தவர் செய்யக்கூடியது தோள் எலும்பைத் தவிர்த்து விலாவின் பின்புறம் குறிவைப்பது. அல்லது கனமான, வேகம் குறைந்த குண்டைக் கையாள்வது. அல்லது சுடாமல் விடுவது. மூன்றாவது வழியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

சிதறும் குண்டின் கதை மானின் சாவோடு முடிவதுமில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஈயக் குண்டுகளால் சுடப்பட்ட 30 வெண்வால் மான்களின் உடல்களை எக்ஸ்ரே படமெடுத்தது. உள்ளுறுப்புகளை நீக்கிய பின்னும் ஓர் உடலில் சராசரியாக 136 உலோகத் துணுக்குகள் தெரிந்தன. அவ்விறைச்சி கடையில் அரைத்துப் பொதியப்பட்டபோது, 80 விழுக்காடு மான்களின் பொதிகளில் உலோகம் இருந்தது. அதை உண்ட பன்றிகளின் குருதியில் ஈயத்தின் அளவு உயர்ந்தது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் உண்ட கலிபோர்னியப் பெருங்கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தன. 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த இனம் அது. கலிபோர்னிய மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடைசெய்தது. மாற்றாக வந்த முழுச் செம்புக் குண்டு அண்மையில் சிதறுவதில்லை. வேகம் மிகுந்திருக்கும்போதே நன்கு விரிகிறது. அதன் குறை மறுமுனையில்: வேகம் தணிந்த தொலைவில் விரியாமல் போகலாம். எந்தக் குண்டும் எல்லாத் தூரத்துக்கும் உரியதன்று.

இந்தியா இக்கேள்விக்கு வேறு வகையில் விடை சொன்னது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகச் சுருக்கியது. 1991இன் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் மூடியது. எந்தக் குண்டு மானுக்கு ஏற்றது என்ற வினா இங்கே சட்டப்படி எழுவதில்லை. ஆனால் பயிரழிக்கும் விலங்குகளைச் சுட அரசே அனுமதிக்கும் தருணங்கள் அவ்வப்போது வருகின்றன. 2015 டிசம்பரில் பீகாரின் பல மாவட்டங்களில் நீலமான் அழிவுவிலங்கென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மொகாமா பகுதியில் 200க்கும் மேற்பட்டவை சுடப்பட்டன. அப்போது எழுந்த விவாதம் கொல்லலாமா, கூடாதா என்பதைச் சுற்றியே நடந்தது. எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தக் குண்டால், காயமுற்று ஓடியவை எத்தனை, அவற்றைப் பின்தொடர்ந்தவர் யார் என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. கொல்வதை எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் இவை சிறிய நுட்ப விவரங்களாகத் தோன்றக்கூடும். சுடப்படும் விலங்குக்கு, சில நொடிகளில் முடியும் சாவுக்கும் சில நாள்கள் நீளும் சாவுக்கும் உள்ள வேறுபாடு இவ்விவரங்களில்தான் இருக்கிறது.

ஆவணக் காப்பகத்தில் வேட்டைக் குறிப்புகளையோ போர் மருத்துவ அறிக்கைகளையோ திறந்து அமரும் மாணவர், ‘அங்கேயே விழுந்தது’ என்ற வாக்கியத்தைப் பலமுறை காண்பார். அவ்வாக்கியத்தின் அருகே தூரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எழுதப்படாதிருந்தால் அந்தக் காயத்திலிருந்து கருணையையோ கொடுமையையோ நிறுவ முடியாது. அடுத்த பக்கத்தில், தடம் பார்க்க அனுப்பப்பட்ட பெயரில்லாத ஒருவர் மாலையில் திரும்பி வந்தாரா, என்ன சொன்னார் என்று ஒரு வரியேனும் இருக்கக்கூடும். முதலில் படிக்கவேண்டியது அந்த வரி.